கணக்கில் வராத சாலையோரக் கற்கள்

சாலையை அகலப்படுத்த ஒரு புளியமரத்தை வெட்ட வேண்டுமென்றால், முதலில் அதன் மேல் எண் எழுதுகிறார்கள். சுற்றளவை அளந்து பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். பிறகு ஏலம் விடுகிறார்கள். கையகப்படுத்தும் நிலத்தில் கிணறு இருந்தால் அதற்கொரு மதிப்பு, தென்னை இருந்தால் அதற்கொரு மதிப்பு. மாட்டுக் கொட்டகைக்குக்கூட இழப்பீடு உண்டு. அதே புளியமரத்தடியில் பல நூறு ஆண்டுகளாக நிற்கும் நடுகல்லுக்கோ சுமைதாங்கிக்கோ பழைய மைல்கல்லுக்கோ வழக்கமான படிவங்களில் ஒரு கட்டம்கூட இல்லை.

தமிழ்நாட்டில் இருவழிச் சாலைகள் நான்குவழியாகின்றன. நான்குவழிச் சாலைகள் ஆறுவழியாகின்றன. சிறு நகரங்களுக்கும் புறவழிச் சாலைகள் வருகின்றன. சாலை வேண்டாம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போக வேண்டும், காய்கறி வாடாமல் சந்தைக்குச் சேர வேண்டும். ஆனால் பழைய சாலையின் ஓரத்தில்தான் ஊரின் பழைய வரலாறும் நிற்கிறது. பொக்லைன் கை முதலில் விழுவதும் அந்த ஓரத்தில்தான். மரத்துக்குத் தரும் ஓர் எண்ணைக் கல்லுக்கும் தந்துவிட்டால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

ஓரத்தில் நிற்பவை எவை?

முதலில் சுமைதாங்கி. இரண்டு கற்களைத் தோள் உயரத்துக்கு நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர், இறக்கிவைக்க இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் தானே சுமையை அதன் மேல் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கலாம். போகும்போது தானே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை வைப்பது வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம். சிலவற்றில் அவள் பெயரும் வைத்தவர் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். அரசர் வரலாற்றில் எங்கும் வராத எளிய பெண்ணொருத்தியின் பெயர் பொதுவழியில் எழுதிவைக்கப்பட்ட இடம் இது.

அடுத்தது நடுகல். சங்க இலக்கியத்தின் பாலைப் பாடல்களில் நடுகல் வழியோரமாகவே வருகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு கண்டெடுத்த கற்களில் தமிழ் பிராமி எழுத்துகள் இருந்தன. அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கானது. நடுகல் மரபின் தொன்மைக்கு இதைவிடப் பழைய எழுத்துச் சான்று அரிது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள கல்லைப் பாருங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு நட்டது. வில்லும் வாளுமாக அவன் நிற்க, பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டே சொல்கிறது. மாமல்லபுரத்துக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இந்த நாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவற்சண்டையில் இறந்த சேவலுக்கே ஒரு கல் இருக்கிறது. கொங்குப் பகுதியில் புலியோடு பொருதவர்களுக்குப் புலிக்குத்திக் கற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடுகற்கள் வேடியப்பனாக வழிபாட்டில் இருக்கின்றன. கோயில் நிலத்தின் எல்லையைக் காட்டும் கற்களும் உண்டு. சிவன் கோயில் நிலமென்றால் சூலக்கல். பெருமாள் கோயில் நிலமென்றால் ஆழிக்கல்.

மூன்றாவது, வழிகாட்டும் கற்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவைச் சொல்கிறது. எண்ணை எழுத்தில் பொறித்ததோடு குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் குழிகளை எண்ணித் தெரிந்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு அது. கோவை சுண்டக்காமுத்தூர் பக்கம் ராஜகேசரிப் பெருவழியைக் குறிக்கும் பாறைக் கல்வெட்டு, வட்டெழுத்திலும் தமிழ் எழுத்திலுமாக இரண்டு முறை வெட்டப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்துபோகும் இரு பக்கத்தாருக்கும் புரிய வேண்டுமல்லவா? புதுக்கோட்டை, தஞ்சாவூர் வட்டாரத்தில் தமிழ் எண்ணும் ரோமன் எண்ணும் சேர்ந்த பழைய மைல்கற்களும் கிடைத்திருக்கின்றன.

இடம் மாறினால் என்ன ஆகும்?

கல்லை எடுத்துப் பத்திரமாக அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். உடைந்து போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் சாலையோரக் கல்லின் பொருளில் பாதி, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது.

தொலைவைச் சொல்லும் கல்லை நகர்த்தினால் அது சொல்லும் தொலைவு பொய்யாகிவிடும். இந்த இடத்திலிருந்து 29 காதம் என்பதில் ‘இந்த இடம்’ போய்விட்டால், பழைய பெருவழி எந்தப் பக்கமாகப் போனது என்று கண்டுபிடிக்கும் நூலும் அறுந்துவிடும். ஏரிக்கரை உடைப்பை அடைக்கப் போய் இறந்தவனின் கல், அந்தக் கரை அன்றும் அங்கேதான் இருந்தது என்பதற்குச் சான்று. எல்லைக் கல்லைப் பெயர்த்துவிட்டால் அதை வைத்து எந்த எல்லையையும் காட்ட முடியாது.

இதன் விளைவு வரலாற்று மாணவர்களோடு நிற்பதில்லை. கோயில் நிலம், ஏரி நீர்ப்பிடிப்பு, வண்டிப்பாதை, மேய்ச்சல் தரை ஆகியவற்றின் மீதான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. வருவாய்த் துறை ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கால நில அளவையிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முந்தைய நிலையைப் பேசும் சான்றுகளில் கல்லும் ஒன்று. ஆக்கிரமிக்கப்பட்ட ஏரியை மீட்க நினைக்கும் ஊருக்கு, மதகுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தால் அதன் வலிமையே வேறு.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்குண்டு. பாடநூலில் நடுகல் என்ற சொல்லைப் படிக்கும் பிள்ளை, தான் பேருந்துக்குக் காத்து நிற்கும் இடத்தில் இருப்பதும் நடுகல்தான் என்று அறியாமலே தேர்வு எழுதிவிடுகிறது. செலவில்லாத ஒரு பாடம் தினமும் கண்முன்னே வீணாகிறது.

எப்படித் தொலைகின்றன?

விரிவாக்கப் பணியில் கல்லை யாரும் வேண்டுமென்று உடைப்பதில்லை. ஒப்பந்ததாரருக்கு அது மண்ணில் கிடக்கும் பலகைக்கல். ஓட்டுநர் அள்ளி ஓரத்தில் போடுகிறார். சில நாளில் அது சிறுபாலத்தின் அடியில் நிரப்புக் கல்லாகிவிடுகிறது, அல்லது துணி துவைக்கும் கல்லாக ஒரு வீட்டுக்குப் போகிறது. கேட்க ஆளில்லாததால் நடக்கும் இழப்பு இது.

பக்தியாலும் கல் கெடுகிறது. வழிபாட்டில் இருப்பதால்தான் பல நடுகற்கள் இன்றுவரை பிழைத்திருக்கின்றன; அதற்காக ஊர் மக்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதே அன்பில் எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள், எழுத்துகளின் மேல் சிமென்ட் பூசுகிறார்கள், கல்லின் கீழ்ப்பகுதியைப் புதைத்து டைல்ஸ் ஒட்டுகிறார்கள். சில கற்களில் கல்வெட்டு வரிகள் இருப்பதும் அந்தப் பகுதிகளில்தான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் தொல்லியல் சின்னங்களைக் காக்கின்றன. ஆனால் அரசு அறிவித்த சின்னங்களுக்குத்தான் அந்தக் காவல் முழுமையாகக் கிடைக்கும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைப்பதைப் பற்றிப் பேசுகிறது. வெட்டவெளியில் நிற்கும் கல் அதற்குள் வராது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களின் விற்பனையையும் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்துவதில் கண்ணாக இருக்கிறது. சாலையோரச் சுமைதாங்கி இந்த நான்கு சட்டங்களுக்கும் நடுவே நழுவி விழுந்துவிடுகிறது.

பலகை என்ன சொல்ல வேண்டும்?

பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் முன் நிற்கும் நீலப் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அது எச்சரிக்கும். எதைச் சேதப்படுத்தக் கூடாது, அதில் அப்படி என்ன இருக்கிறது என்பதற்குப் பல இடங்களில் பலகையே இருக்காது. மிரட்டத் தெரிந்த பலகைக்குக் கதை சொல்லத் தெரியவில்லை.

லண்டனில் புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் 1860-களிலிருந்து வட்டப் பலகைகள் பதிக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1927-இல் நெடுஞ்சாலையோரங்களில் வரலாற்றுப் பலகைகள் வைக்கத் தொடங்கியது. நான்கைந்து வரிகளில் அந்த இடத்தில் நடந்ததைச் சொல்வது அவற்றின் முறை. அவர்களிடம் கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்காவின் பல பழைய பலகைகள் படைத்தலைவர்களைப் போற்றின. அடிமைகளாக்கப்பட்டவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. இப்போது அவற்றைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் அதே ஆபத்து வேறு உருவில் வரும். நடுகல்லில் இருக்கும் வீரன் எங்கள் சாதிக்காரன் என்று ஒரு தரப்பு கொடி நடும், மறுதரப்பு மறுக்கும். கல்லைக் காக்கப்போய் ஊரில் கலகம் வந்தால் கல்லும் மிஞ்சாது. கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் பலகையில் எழுத வேண்டும். எழுத்து இல்லாத கல்லென்றால், உருவத்தில் தெரிவதைச் சொல்லலாம். ஊர் வழக்கைச் சேர்த்தால் அது ஊர் வழக்கு என்றே குறிப்பிட வேண்டும். “இது ராஜராஜன் குதிரை கட்டிய கல்” என்று சான்றில்லாமல் பெருமை சேர்ப்பதும் ஒருவகைச் சேதம்தான்.

கல்லே இல்லாத வரலாறும் சாலையோரத்தில் உண்டு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்து வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அன்றைய தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் உணவுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள் என்று அந்த நடையைப் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. நடையின் முடிவில் வேதாரண்யத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. சோறு கட்டிய ஊர்களுக்கும் வழிநெடுக ஒவ்வொரு பலகை இருந்தால், அந்தத் தடத்தில் பேருந்தில் போகும் பிள்ளைக்குச் சுதந்திரப் போராட்டம் தன் ஊர்க்காரர்களின் கதையாகத் தெரியும்.

செலவும் தாமதமும்

இதற்கெல்லாம் நேரம் எங்கே, பணம் எங்கே என்பது நெடுஞ்சாலைத் துறையின் நியாயமான கேள்வி. நீதிமன்ற வழக்குகளாலும் நில எடுப்பாலும் ஏற்கெனவே திட்டங்கள் இழுத்தடிக்கின்றன. இதில் கல்லும் ஒரு தடையாக வந்தால்?

கல்லைத் தடையாக்குவது தாமதமாகக் கண்டுபிடிப்பதுதான். பணி பாதியில் இருக்கும்போது கல்வெட்டு தென்பட்டு, ஊரார் மறித்து, செய்தி வந்து, அதிகாரி வந்து பார்க்கும்வரை இயந்திரம் சும்மா நிற்கும். வரைபடம் போடும் நாளிலேயே கல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், வடிகாலைச் சற்று வளைத்தோ நடைபாதையில் ஒரு வளைவு விட்டோ வேலையைத் தொடரலாம். பெரும்பாலான கற்கள் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. கேட்பது சில சதுர அடி.

இது புதிய யோசனையும் அல்ல. உலக வங்கி போன்ற அமைப்புகளின் கடனில் நடக்கும் சாலைத் திட்டங்களில் பண்பாட்டுச் சின்னங்களை முன்கூட்டியே கணக்கெடுக்க வேண்டும். பணியின்போது எதிர்பாராமல் ஏதாவது கிடைத்தால் வேலையை நிறுத்தித் தகவல் தர வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. கடன் தருபவர் கேட்டால் செய்வதை, நம் சொந்த வரிப்பணத்தில் போடும் சாலைக்கும் செய்யக் கூடாதா?

செய்ய வேண்டியவை

முதல் வேலை, படிவத்தில் ஒரு கட்டம். சாலை விரிவாக்கத்துக்கான ஆரம்ப அளவையில் மரம், கிணறு, மின்கம்பம் என்று இருக்கும் பட்டியலில் ‘பழைய கற்கள்’ என்ற வரியைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் எண், படம், ஜிபிஎஸ் இடக்குறிப்பு வேண்டும். இந்தப் பட்டியலைத் தொல்லியல் துறை பார்த்து ஒப்பமிட்ட பிறகே டெண்டர் விட வேண்டும். துறை பதில் சொல்ல ஒரு காலக்கெடுவும் விதித்துவிட்டால் கோப்பு தேங்காது.

இரண்டாவது, ஒப்பந்தத்தில் ஒரு விதி. பணியின்போது எழுத்தோ உருவமோ உள்ள கல் தென்பட்டால் அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்தி, வட்டாட்சியருக்குத் தகவல் தர வேண்டும். தகவல் தந்ததால் ஆகும் தாமதத்துக்கு ஒப்பந்ததாரரிடம் அபராதம் பிடிக்கக் கூடாது. தகவல் தந்தால் நஷ்டம் என்ற நிலை இருக்கும்வரை எந்த ஒப்பந்ததாரரும் வாய் திறக்க மாட்டார்.

மூன்றாவது, நகர்த்துவது கடைசி வழியாக இருக்கட்டும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் கல்வெட்டைப் படியெடுத்து, நின்ற திசையைக் குறித்துக்கொண்டு, அதே ஊர் எல்லைக்குள் அதே சாலையின் ஓரத்திலேயே நட வேண்டும். முன்பு எங்கே நின்றது என்பதைப் பலகையில் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, பலகை. சுற்றுலா இடங்களுக்கு நெடுஞ்சாலைகளில் பழுப்பு நிறப் பலகை வைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இந்தக் கற்களுக்கும் நீட்டிக்கலாம். எளிய தமிழில் ஐந்து வரி, கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ள முடியாத வரி ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. வாகனத்தை நிறுத்த ஓரத்தில் இடமில்லாத வளைவுகளில் பலகை வைத்து விபத்துக்கு வழி செய்துவிடவும் கூடாது.

ஐந்தாவது, பள்ளிகள். ஒவ்வோர் அரசுப் பள்ளியும் தன் ஊர் எல்லைக்குள் இருக்கும் பழைய கற்களின் பட்டியலை மாணவர்களைக் கொண்டே தயாரிக்கலாம். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சாக்பீஸால் எழுத்துகளை நிரப்புவதும் கம்பி பிரஷால் தேய்ப்பதும் கூடாது. தண்ணீரும் மென்மையான துடைப்பமும் போதும்.

வழிபாட்டில் உள்ள கற்களுக்கு ஊர்ப் பூசாரியே சிறந்த காவலர். அவரைக் குற்றவாளியாக்காமல், எந்தப் பகுதியில் எழுத்து இருக்கிறது என்று காட்டி, அங்கே மட்டும் பெயின்டும் எண்ணெயும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவர் கேட்பார். தன் சாமியின் பெயர் அதில் எழுதியிருக்கிறது என்று தெரிந்த பிறகு அவரைவிட அக்கறையாகக் காப்பவர் யார்?

இவற்றில் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராமசபைக் கூட்டம் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குள் உங்கள் ஊரில் உள்ள நடுகல், சுமைதாங்கி, எல்லைக் கல், பழைய மைல்கல் எல்லாவற்றையும் படமெடுத்து, எந்தச் சாலையில், எந்தப் பக்கம், எந்தப் புல எண்ணுக்கு அருகில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலை ஊராட்சிப் பொதுச் சொத்தாகப் பதிவு செய்யும்படி தீர்மானம் கொண்டுவாருங்கள். நிறைவேறிய தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாளை சாலை அளக்க ஆட்கள் வரும்போது, இங்கே ஒன்றும் இருந்ததாகத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது.